சின்னப் பிள்ளைகளின் படிப்பும் பழக்கமும்: வீட்டாரிடம் ஓர் ஆசிரியை சொல்ல விரும்புவது

தரம் 1 இற்குப் பிள்ளையைச் சேர்க்க வருகின்ற பெற்றோர் பெரும்பாலும் முதலில் சொல்வது, "ரீச்சர், இவருக்கு ஆனா ஆவன்னா முழுக்கத் தெரியும், நூறு மட்டும் எண்ணுவார்" என்பதாகத்தான் இருக்கும். அந்தப் பெருமையை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் முதல் வாரங்களில் நான் கவனிப்பது வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா, தண்ணீர் வேண்டும் என்றோ மலசலகூடத்துக்குப் போக வேண்டும் என்றோ வாய் திறந்து கேட்கிறதா, பக்கத்தில் இருப்பவரின் பென்சிலைப் பறிக்காமல் கேட்டு வாங்குகிறதா, ஒரு சிறு கதையை முடியும்வரை இருந்து கேட்கிறதா, தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறந்து மூடுகிறதா என்பனவற்றைத்தான் பார்க்கிறேன். இவை இருக்கின்ற பிள்ளைக்கு எழுத்து ஒரு தவணைக்குள் வந்துவிடும். இவை இல்லாமல் எழுத்தை மட்டும் கொண்டு வருகின்ற பிள்ளை, தெரிந்ததையே திரும்பக் கேட்டுச் சலித்து, இரண்டாம் தவணையில் வகுப்பைக் குழப்பத் தொடங்கிவிடும்.

இது என் சொந்த விருப்பம் மட்டுமன்று. 1999 இல் இலங்கை முழுவதும் தரம் 1 இல் தொடங்கப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 ஆகியவற்றில் விளையாட்டுக்கே முதலிடம் கொடுத்தது. செயற்பாடுகள் அதற்கு அடுத்தபடியாகவும், இருந்து எழுதுகின்ற வேலை மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பதே அதன் ஒழுங்கு. பிள்ளை மேல் வகுப்புக்குப் போகப் போக எழுத்து வேலை படிப்படியாகக் கூடும். ஆனால் பல வீடுகளில் இந்த ஒழுங்கு தலைகீழாக நடக்கிறது. மூன்றரை வயதில் கொப்பியும் பென்சிலும் கொடுத்து, ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதவிட்டு, முன்பள்ளியில் "எழுத்துப் படிப்பிக்கவில்லை" என்று அங்குள்ள ஆசிரியையோடு சண்டை பிடிப்பதையும் கண்டிருக்கிறேன்.

இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். இன்று ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் வன்னிப் பெற்றோரில் பலர், போர் நடந்த 2008, 2009 ஆம் ஆண்டுகளில் தாமே பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள். ஒரு தவணையை ஓர் ஊரிலும் மறு தவணையை இன்னோர் ஊரின் மரத்தடியிலும் படித்து, பிறகு செட்டிகுளத்து முகாம்களில் இருந்து பரீட்சை எழுதியவர்கள் அவர்களுள் இருக்கிறார்கள். எழுதாமலே விட்டவர்களும் இருக்கிறார்கள். தமக்குத் தவறிப்போனது பிள்ளைக்குத் தவறிவிடக் கூடாது என்று அவர்கள் நினைப்பதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் இழந்த ஆண்டுகள் அவர்களுடையவை. பிள்ளைக்கு எதுவும் பிந்தவில்லை. அதற்கு இப்போதுதான் ஐந்து வயது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு வயதில் ஓட்டத்தைத் தொடக்கிவிட்டால், பரீட்சை வரும்போது பிள்ளைக்குப் படிப்பே வெறுத்துப்போயிருக்கும்.

அப்படியென்றால் வீட்டில் என்னதான் செய்வது என்று கேட்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: நீங்கள் செய்கின்ற வேலைக்குப் பக்கத்தில் பிள்ளைக்கு ஓர் இடம் கொடுங்கள், வேலை செய்தபடியே அதனோடு கதையுங்கள். வீட்டுப் படிப்பில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது, பழக்கவழக்கத்தில் பாதியும் இதற்குள்தான் இருக்கிறது.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மாரி மழைக்கு முன்பு விதைக்கச்சான் (விதைக்கான நிலக்கடலை) உடைக்கின்ற நாள்களில் அம்மம்மாவும் ஐந்து வயதுப் பேத்தியும் திண்ணையில் சுளகை நடுவில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். "பாத்து உடையுங்கோ பிள்ளை, தோல் கழண்டா முளைக்காது" என்பது அம்மம்மாவின் ஒரே கட்டளை. பிள்ளை நகத்தால் நுனியைக் கிள்ளி, இரண்டு பெருவிரல்களாலும் அமர்த்தி, கோதைப் பிளந்து உள்ளே பார்க்கும். "அம்மம்மா, இதுக்குள்ளை மூண்டு பேர் இருக்கினம்!" உடனே அம்மம்மா இன்னொரு கச்சானை எடுத்து நீட்டுவார். "இதுக்குள்ளை எத்தினை பேரெண்டு உடைக்காமச் சொல்லுங்கோ பாப்பம்." பிள்ளை அதைக் காதருகில் வைத்துக் குலுக்கும், விரலால் மேடு பள்ளத்தைத் தடவும், "ரெண்டு" என்று சொல்லிவிட்டு உடைக்கும். முழுதாக வந்தவை ஒரு பாத்திரத்துக்கும் தோல் கழன்றவை இன்னொரு பாத்திரத்துக்கும் போகும். இரண்டாவது பாத்திரம் அடிக்கடி குறைந்துகொண்டே இருப்பதற்கான காரணம் இருவருக்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

அந்த அம்மம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. ஆனால் அந்தத் திண்ணையில் நடந்ததை நான் என் பாடக்குறிப்பில் எழுதுவதானால் வகைப்படுத்தல், ஊகித்தல், ஊகத்தைச் சரிபார்த்தல், எண்ணுதல், விரல் தசைகளுக்குப் பயிற்சி என்று ஒரு பக்கம் நிரம்பிவிடும். இவற்றுக்கு மேலாக, ஒரு விதியும் அதற்கான காரணமும் ஒரே வசனத்தில் பிள்ளைக்குச் சொல்லப்படுகின்றன. காரணத்தோடு சொல்லப்படும் விதியைப் பிள்ளை ஆள் இல்லாத இடத்திலும் காப்பாற்றும்.

எண்ணுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்று முதல் நூறு வரை சொல்வது பாட்டுப் பாடுவதற்கு நிகரானது. அதற்கு எண்ணறிவு தேவையில்லை. பிள்ளையின் முன் ஏழு புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு கொட்டையையும் தொட்டு ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறதா, அல்லது கை ஒரு வேகத்திலும் வாய் ஒரு வேகத்திலும் போகின்றனவா என்று பாருங்கள். எண்ணி முடித்ததும் "அப்ப எத்தினை கொட்டை இருக்கு?" என்று கேளுங்கள். "ஏழு" என்று உடனே சொன்னால், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு என்பது அதற்கு விளங்கிவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் விளங்கவில்லை. அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம், கோப்பைகளை அடுக்கும்போதும் படியில் ஏறும்போதும் எண்ணிக்கொண்டிருந்தால் தானாக வரும். கொக்கான் வெட்டுவதையும் தாயம் போடுவதையும் நேரத்தை வீணாக்கும் விளையாட்டுகள் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேலே எறிந்த கல் கீழே வருவதற்குள் எத்தனை கல்லை அள்ளலாம் என்று கணக்குப் போடுகின்ற பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் தரம் 1 இல் பயமூட்டுவதில்லை.

பென்சில் பிடிப்பதற்கும் இப்படியான முன்வேலைகள் உண்டு. சிறு பிள்ளையின் விரல்களும் மணிக்கட்டும் பலம் பெறுவதற்கு முன் பென்சிலைக் கொடுத்தால், அது முழங்கை முழுவதையும் அசைத்து, தாளைக் கிழித்து, பத்து நிமிடத்தில் கை வலிக்கிறது என்று சிணுங்கும். அதை நாம் சோம்பல் என்று பெயரிட்டு அடிப்போம். இடியப்பத்துக்குக் குழைத்த மாவில் ஒரு உருண்டையைக் கொடுங்கள். கீரை ஆயும்போது இலை கிள்ளக் கொடுங்கள். முற்றத்து மணலில் குச்சியால் கீறவிடுங்கள். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது நாங்கள் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தான் எழுதுவிக்கிறோம். அந்த வழக்கத்தை ஒரு நாளோடு முடித்துவிடாமல் சில மாதங்கள் அரிசியிலும் மணலிலும் தொடர்ந்தால் எவ்வளவோ நல்லது.

இடது கையால் எழுதும் பிள்ளைகளின் கையில் அடிப்பதை இன்றைக்கும் சில வீடுகளில் காண்கிறேன். சாப்பிடும் கை எது என்பது உங்கள் வீட்டு வழக்கம், அதை நிதானமாகப் பழக்கிக்கொள்ளலாம். ஆனால் எழுதுகின்ற கையை மாற்றாதீர்கள். எந்தக் கை முந்துகிறது என்பது மூளையின் அமைப்போடு சேர்ந்து வருகின்ற விடயம். கட்டாயப்படுத்தினால் எழுத்தும் கெட்டுப் பிள்ளையின் துணிவும் கெடும்.

வாசிப்பை எடுத்துக்கொண்டால், வீட்டில் கதைப்புத்தகம் இல்லை என்பதே பலருடைய குறை. உண்மைதான், நூலகம் எட்டத்தில் இருக்கின்ற ஊர்கள் இங்கே அதிகம். ஆனால் எழுத்து இல்லாத வீடு கிடையாது. சீனிப் பையிலும் சவர்க்காரத்து உறையிலும் எழுத்து இருக்கிறது. ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பெயர்ப்பலகையில் "மாங்குளம்" என்று வருகிறது. "மா" எங்கே இருக்கிறது, "அம்மா" என்பதிலும் அதே "மா" இருக்கிறதல்லவா என்று காட்டினால், எழுத்து என்பது வாயால் சொல்லும் ஒலியின் அடையாளம் என்ற பெரிய இரகசியம் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டியதே இல்லை. சில குறிகள் எந்த ஒலியை மாற்றுகின்றன என்று கண்டுகொண்ட பிள்ளை, படிப்பிக்காத எழுத்தையும் தானே கூட்டி வாசிக்கும்.

கதை சொல்வது அம்மம்மா, அப்பப்பாமாரின் பொறுப்பு என்று விட்டுவிடலாம், அவர்கள் நன்றாகவே செய்வார்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிவதையோ, வயலுக்குள் யானை வந்து போன இரவையோ அவர்கள் சொல்லும்போது இடையில் நிறுத்தி, "பிறகென்ன நடந்திருக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். பெரியவர்களான எங்களால் இரண்டு விநாடிகூடப் பொறுக்க முடிவதில்லை; பிள்ளை சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே பதிலையும் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

இனி நடத்தைக்கு வருவோம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனம் நின்றதும், கச்சான் வாங்க இறங்கிய தாயின் சட்டையைப் பிடித்திழுத்து விளையாட்டுக் கார் கேட்டு அழுகின்ற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். தாய் முதலில் இல்லை என்பார், பிறகு அதட்டுவார், பிள்ளை நிலத்தில் விழுந்து உருண்டதும் நாலு பேர் பார்க்கிறார்களே என்று வாங்கிக் கொடுத்துவிடுவார். அடுத்த முறை "இண்டைக்கு ஒண்டும் இல்லை" என்று உறுதியாக நிற்பார். அதற்கடுத்த முறை மறுபடியும் வாங்கிக் கொடுப்பார். எப்போதாவது மட்டும் பலன் தருகின்ற செயலே மிகவும் உறுதியாக வேரூன்றும் என்பது நடத்தை உளவியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. இந்தத் தடவை கிடைத்தாலும் கிடைக்கும் என்ற நம்பிக்கையே பிள்ளையை இன்னும் அதிகமாக அழவைக்கிறது. ஆகவே கொடுப்பதென்றால் அழுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால், எவ்வளவு அழுதாலும் இல்லைதான். வாகனத்தில் ஏறும்போதே "முறிகண்டியிலை கச்சான் மட்டும்தான் வாங்குவம்" என்று சொல்லி வைப்பது பாதிச் சண்டையைக் குறைத்துவிடும்.

இதில் வீட்டில் உள்ள எல்லாப் பெரியவர்களும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும் என்பது சொல்வதற்கு எளிது. ஆனால் தாய் விடியமுன்பே ஆடைத்தொழிற்சாலை பஸ் ஏறிவிட, தகப்பன் வெளிநாட்டிலோ தூர இடத்து வேலையிலோ இருக்க, பகல் முழுதும் அம்மம்மாவே பிள்ளையைப் பார்க்கின்ற வீடுகள் இங்கே அநேகம். தகப்பனே இல்லாத வீடுகளும் குறைவில்லை. களைத்து வருகின்ற தாயிடம் பத்து விதிகளைக் கொடுத்து ஒன்றையும் நடத்த முடியாது. அப்படியான வீடுகளுக்கு நான் சொல்வது, மூன்று விதிகள் போதும் என்பதுதான். யாரையும் அடிக்கக் கூடாது, சொல்லாமல் படலையைத் தாண்டக் கூடாது, சாப்பாட்டு நேரத்தில் போன் இல்லை. இவை மூன்றிலும் அம்மாவும் அம்மம்மாவும் மாமாவும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நின்றால், மற்றவற்றில் அம்மம்மா செல்லம் கொடுப்பதால் பிள்ளை கெட்டுப்போகாது.

சொல்கின்ற விதத்திலும் கவனம் வேண்டும். "ஓடாதை" என்பதைவிட "மெல்ல நடவுங்கோ" என்பதைச் சிறு பிள்ளை விரைவாகச் செய்யும், ஏனென்றால் செய்ய வேண்டியது என்னவென்று அதற்குத் தெரிகிறது. குசினியில் நின்று சத்தமிடுவதைவிட, கிட்டப் போய்க் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு வேலையைச் சொல்வது பலிக்கும். "குளிச்சிட்டு, உடுப்பு மாத்தி, கொப்பியை எடுத்து, விளக்கடிக்கு வா" என்றால் நான்கு வயதுப் பிள்ளையின் நினைவில் கடைசிச் சொல்தான் நிற்கும். தண்ணீரைக் கொட்டினால் பழைய துணியைக் கையில் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள்; அதற்கு மேல் அங்கே கதை தேவையில்லை. கோபத்தில் கத்தி அழுகின்ற மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் புத்தி சொல்வது வீண். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் திறன் மூளையில் மெதுவாக, இருபது வயதுக்குப் பிறகும்கூட வளர்ந்துகொண்டிருப்பது. பக்கத்தில் இருந்து, அடிபடாமல் பார்த்து, "கார் கிடைக்காதது கோபமா இருக்கு, என்ன?" என்று அதன் மனத்திலிருப்பதைச் சொல்லாக்கிக் கொடுத்து, அடங்கிய பிறகு கதைத்தால் போதும்.

தடியைப் பற்றிக் கேட்பார்கள். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2016 இல் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. "நீங்கள் அடியுங்கோ ரீச்சர், நான் கேக்க மாட்டன்" என்று பெற்றோரே வந்து உரிமை தருவது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் சங்கடம். அடி உடனே வேலை செய்வதுபோல் தோன்றும், ஏனென்றால் பிள்ளை அந்த நிமிடம் நிறுத்திவிடும். ஆனால் அது கற்றுக்கொள்வது அந்தச் செயலை உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதையும் கேட்டால் பொய் சொல்வதையும்தான். வகுப்பில் அடிக்கின்ற பிள்ளை வீட்டில் அடி வாங்குகின்ற பிள்ளையாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடியைவிட என்னை அதிகம் உறுத்துவது பயமுறுத்தல். பிள்ளைபிடிகாரன் வருவான், பொலிஸ் பிடிக்கும், டொக்டர் ஊசி போடுவார், ஆமி வந்து கொண்டுபோகும். மற்ற ஊர்களில் எப்படியோ தெரியாது, ஆள்கள் உண்மையிலேயே கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத ஊர்களில் கடைசியில் சொன்னதைச் சோறு தீத்துவதற்காகச் சொல்லக் கூடாது. பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாலும், அதே வீட்டில் சுவரில் மாட்டிய ஒரு படத்தைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். டொக்டரைச் சொல்லிப் பயமுறுத்தினால், காய்ச்சலில் கிடக்கும்போது வைத்தியசாலை வாசலில் அலறுகின்ற பிள்ளையை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் சொல்லிக் களைத்த விடயம். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல், இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது என்றும், அதைவிடக் குறைவது நல்லது என்றும் சொல்கிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்பதும் அதே வழிகாட்டலில் உண்டு. இரவு நாடகங்கள் முடியும்வரை விழித்திருக்கும் பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்? வெளிநாட்டில் இருக்கின்ற தகப்பனோடு முகம் பார்த்துக் கதைப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது உரையாடல். தகப்பனும் "சாப்பிட்டாச்சா?" என்பதோடு நிறுத்தாமல், இன்றைக்குக் கீறிய படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது.

சில பிள்ளைகளுக்கு இவை எல்லாம் செய்தும் போதாது. ஒரு வயது நிறைந்தும் பெயர் சொன்னால் திரும்பாத, இரண்டு வயதாகியும் "அம்மா வா" என்பதுபோல் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத, கதைத்துக்கொண்டிருந்து திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளையை, "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள். காது கேட்பதில் குறை இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம்; முதலில் காதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் வயதுக்கேற்ற வளர்ச்சிப் படிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. நிறையைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடாமல், உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் அந்தப் பக்கத்தையும் காட்டிக் கேளுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் வைத்தியசாலைக்கு வழிகாட்டுவார். ஐந்து வயதுவரை காத்திருந்து, தரம் 1 ஆசிரியை சொன்ன பிறகு ஓடுவதில் விலைமதிப்பில்லாத காலம் போய்விடுகிறது.

கடைசியாக வீட்டுவேலை. தரம் 1, 2 பிள்ளைக்குக் கால் மணித்தியாலம், மிஞ்சினால் இருபது நிமிடம் போதும். விளையாடி, குளித்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு, தினமும் ஒரே இடத்தில் இருத்துங்கள். பக்கத்தில் நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாலும் சரி. பிள்ளை பிழையாக எழுதினால் அழித்துவிட்டு நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அக்காவைக்கொண்டும் எழுதுவிக்காதீர்கள். பெரிய ஆளின் எழுத்தில் சரியாக இருக்கின்ற கொப்பியிலிருந்து எனக்கு ஒன்றுமே தெரியவராது. பிள்ளை எங்கே பிழை விடுகிறது என்பதைப் பார்த்தால்தான் மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியும். விளங்கவில்லை, அழுகிறது என்றால் அன்றைக்கு மூடிவைத்துவிட்டு, கொப்பியின் அடியில் "இது இவவுக்கு விளங்கயில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மறுநாள் காலையில் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி அதைப் பார்ப்பது என் வேலை.